நாற்பத்து மூன்று சிவப்புப் பொட்டுகள்

தொழிற்சாலையில் கியூ.சி. வேலை பார்த்த ஒருத்தியை வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிடுகிறவர்கள் கொஞ்சம் யோசித்துக் கூப்பிட வேண்டும். நீங்கள் அன்பாகப் பத்து இட்லி வைப்பீர்கள். அவள் கண்ணுக்கு எட்டு இட்லியும், ஓரம் சரியில்லாத இரண்டும்தான் தெரியும். புதுச் சேலையைக் காட்டுவீர்கள். அவள் கரையில் நூல் பிசகிய இடத்தைத் தொட்டுக் காட்டுவாள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தினம் எட்டு மணி நேரம் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவளுக்கு, சம்பளம் இல்லாத நேரத்திலும் கண் அதே வேலையைத்தான் பார்க்கும்.

அந்த ஒருத்தி நான்தான். எண்பதுகளின் நடுவில் எனக்கு இருபத்திரண்டு வயது. கோலாலம்பூருக்குத் தெற்கே செனாவாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து பதினோரு பெண்கள் ஒரே வேனில் போய்வருவோம். ரேடியோவுக்குள் போகிற, நகம் அளவுகூட இல்லாத சில்லுகள் தட்டுத் தட்டாக என் மேசைக்கு வரும். கண்ணில் ஒரு சின்னப் பூதக்கண்ணாடியைச் சொருகிக்கொண்டு பார்க்க வேண்டும். கீறலோ புள்ளியோ இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர். வட்டமாக, நெற்றிப் பொட்டு அளவில் இருக்கும். நாங்கள் பொட்டு என்றே சொல்வோம். ஒரு குறைக்கு ஒரு பொட்டு. அதையும் சாமான் மேல் ஒட்டக் கூடாது, கூடவே வரும் சீட்டில்தான் ஒட்ட வேண்டும். இதெல்லாம் அங்கே சட்டம். என் பிரிவிலேயே அதிகம் பொட்டு வைக்கிறவள் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. (கொஞ்சம் என்பது என் கணக்கு. வேனில் வந்த மற்ற பத்துப் பேரைக் கேட்டால் வேறு அளவு சொல்வார்கள்.)

குணா அண்ணனைச் சந்தித்தது ஒரு டி-ஷர்ட் விஷயமாக. தொழிற்சாலை விளையாட்டுப் போட்டிக்கு எங்கள் பிரிவுக்கு நாற்பது டி-ஷர்ட் அச்சடிக்க வேண்டியிருந்தது. சிரம்பான் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் அவருடைய பட்டறை. கெமாஸில் ரயில்வே வேலை பார்த்தவரின் மகன். கோயில் திருவிழாத் துணி, கடை பிளாஸ்டிக் பை, பள்ளிக்கூட டி-ஷர்ட் என்று எதையும் ஸ்கிரீன் பிரிண்டில் அடித்துக் கொடுப்பார். கூட அவர் மனைவி ஜெயா அக்கா. இரண்டு பேர் விரல் நகமும் எப்போதும் ஏதாவது ஒரு கலரில் இருக்கும்.

அளவு எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். கொடியில் துணி காய்வதுபோலக் கெட்டியான தாள்கள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. எல்லாவற்றிலும் ஒரே படம். ஒரு வேன். உள்ளே நீல அங்கி போட்ட பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து தூங்குகிறார்கள். மூன்றாவது பெண் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள்.

"அண்ணே, இது எங்க வேன் மாதிரியே இருக்கே."

"உங்க வேன்தான். தினம் காலையில சிக்னல்ல நிக்குறப்ப பாப்பேன்."

"இந்த வாயைத் தொறந்துகிட்டு தூங்குற பொண்ணு யாரு?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மரியாதையாகச் சுவரைப் பார்த்தார்.

நானேதான். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அந்த இடத்தை விட்டு நகரவும் முடியவில்லை. எங்களையெல்லாம் யாராவது கல்யாணத்தில் படம் எடுத்தால் உண்டு. நாங்கள் தூங்குவதை ஒருவர் சிக்னலில் நின்று பார்த்து, நான்கு கலரில், இவ்வளவு அழகாக அச்சடிப்பார் என்று கனவிலும் நினைத்ததில்லை. கீழே பென்சிலில் 4/12 என்று எழுதியிருந்தது.

"என்னாண்ணே, டிசம்பர் நாலாம் தேதின்னு போட்டிருக்கு? இப்ப ஜூன் மாசம்தானே?"

ஜெயா அக்கா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். அண்ணன்தான் பொறுமையாக விளக்கினார். மொத்தம் பன்னிரண்டு பிரதிதான் அடிப்பாராம். அதில் இது நாலாவது. பன்னிரண்டு முடிந்ததும் ஸ்கிரீனைக் கழுவிவிடுவாராம். அப்புறம் யார் வந்து கெஞ்சினாலும் அந்தப் படம் கிடையாது.

ஆயிரக்கணக்கில் ஒரே சாமான் செய்யும் இடத்திலிருந்து வந்தவளுக்கு இது பைத்தியக்காரத்தனமாக இருந்தது. அதனாலேயே உடனே வேண்டும் என்றும் இருந்தது. பதினெட்டு வெள்ளி, அதாவது ரிங்கிட், கொடுத்து வாங்கினேன்.

வீட்டில் அம்மா தாளை விரித்துப் பார்த்தார். பின்பக்கம் திருப்பியும் பார்த்தார்.

"இதுக்கா பதினெட்டு வெள்ளி? மளிகைக்கடையில சும்மா குடுக்குற காலண்டர்ல பன்னெண்டு படம் இருக்கு. தேதியும் இருக்கு."

"மா, இது மொத்தமே பன்னெண்டு பேர்கிட்டதான் இருக்கும்."

"ஏமாந்தவங்க அவ்வளவுதான் போலிருக்கு."

அதன் பிறகு குணா அண்ணன் புதுப் படம் போட்டால் நான் ஒன்று வாங்கிவிடுவேன். விடியலில் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு நிற்கும் பால்வெட்டுக்காரர்கள், மழைக்கு ஒதுங்கிய ரொட்டிக்கார பாயின் மோட்டார் சைக்கிள், பாரோயில் புதிதாக எழும்பிய வீடுகளின் கூரையில் உட்கார்ந்து சோறு சாப்பிடும் ஆட்கள். எல்லாம் நாங்கள் தினம் பார்ப்பவை. எல்லாவற்றிலும் எனக்கு நாலாம் நம்பர்தான் வேண்டும். முதலில் வாங்கியது நாலு என்பதால் வந்த பிடிவாதம். இதில் எனக்குப் போட்டியே இல்லை. சீன வாடிக்கையாளர்கள் நாலாம் நம்பரைத் தொடமாட்டார்கள். அவர்கள் மொழியில் அந்த எண் சாவு மாதிரி ஒலிக்குமாம். அண்ணன் சந்தோஷமாக எனக்கு இரண்டு வெள்ளி குறைத்தே கொடுப்பார்.

ஒன்றரை வருடத்தில் ஒன்பது படம் சேர்ந்தது. தோட்டத்து வரிசைவீடான எங்கள் லயத்து வீட்டில் சுவர் ஈரம். எனவே இரண்டு பிளைவுட் பலகைக்கு நடுவில் வைத்து, பலகையைக் கட்டிலில் போட்டு, அதன்மேல் மெத்தையைப் போட்டுத் தூங்கினேன். "ஊர்ல சொத்து சேக்குறவங்க பேங்குல வைப்பாங்க. இவ முதுகுக்குக் கீழ வெச்சிருக்கா" என்று அம்மா அடுத்த வீட்டுக்காரம்மாவிடம் சொன்னது எனக்கும் கேட்கும்படிதான் சொன்னார்.

இப்படி இருக்கும்போதுதான் அண்ணன் தைரியமாக ஒரு கண்காட்சி வைக்க முடிவு செய்தார். சிரம்பானில் ஒரு சங்கத்தின் மேல்மாடி மண்டபம். இருபது புதுப் படங்கள், யாருக்கும் காட்டாமல் மாதக்கணக்கில் அடித்து வைத்தவை. வந்த டி-ஷர்ட் ஆர்டரையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு இதிலேயே கிடந்தார். சில படங்களுக்கு அவர் ஸ்கிரீனில் மை இழுத்து அச்சடித்தார், சிலவற்றுக்கு ஜெயா அக்கா இழுத்தார்.

"இது போகலன்னா இனிமே படமே போடமாட்டேன், டி-ஷர்ட்டு மட்டும்தான்னு என் தலையில கை வெச்சு சத்தியம் பண்ணியிருக்காரு" என்று அக்கா என்னிடம் ரகசியமாகச் சொன்னார். "நீ சீக்கிரமே வந்துடுலா. தெரிஞ்ச முகம் ஒண்ணு இருந்தா அவருக்குத் தெம்பா இருக்கும்."

சனிக்கிழமை. ஐந்து மணிக்குத் திறப்பு. எனக்குக் காலை ஷிப்ட் மூன்று மணிக்கு முடிந்தது. வேன் என்னைச் சிரம்பானில் இறக்கிவிட்டுப் போனது. அதே வேன் தோட்டத்துக்குப் போய், மற்ற பெண்களைக் குளிக்கவைத்து, உடுத்தவைத்து ஐந்து மணிக்குத் திரும்பக் கொண்டுவருவதாக ஏற்பாடு. நான் சங்கத்துக் கழிவறையில் பாவாடை தாவணி மாற்றிக்கொண்டேன். வேலை அங்கியைச் சுருட்டிப் பையில் வைத்தேன். அங்கியின் பாக்கெட்டில் பூதக்கண்ணாடியும் ஒரு சுருள் சிவப்புப் பொட்டும் இருந்தன.

மண்டபத்தில் படங்கள் மாட்டி முடிந்திருந்தது. ஒவ்வொன்றின் கீழும் வெள்ளைச் சீட்டு. அதில் எண், தலைப்பு, விலை. அண்ணன் சட்டையெல்லாம் வியர்வை.

"ராஜி, நாங்க வீட்டுக்குப் போயி குளிச்சிட்டு, பலகாரத்தையும் எடுத்துகிட்டு வந்திடறோம். அதுக்குள்ள எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவ செக் பண்ணிடுங்க."

அவர் சொன்னது ஆணி சரியாக இருக்கிறதா, சட்டம் கோணலாக இல்லையா என்பதைத்தான். இது இன்று எனக்குத் தெரிகிறது. அன்று என் காதில் விழுந்தது 'செக்' என்ற சொல் மட்டும். அந்தச் சொல்லைக் கேட்டால் என் கை தானாகப் பூதக்கண்ணாடியைத் தேடும்.

ஒன்றாம் எண்ணிலிருந்து ஆரம்பித்தேன். முதல் இரண்டு சுத்தம். மூன்றாவதில் ரொட்டிக்காரர் மூக்கின் நீலம் மூக்கை விட்டு ஒரு மில்லிமீட்டர் தள்ளி நின்றது. ஒரு பொட்டு. ஓரத்தில் பெருவிரல் ரேகை. இன்னொரு பொட்டு. சட்டப்படி சாமான் மேல் ஒட்டாமல் கீழே இருந்த வெள்ளைச் சீட்டில் ஒட்டினேன். குறையை என் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டேன். ஏழாவதில் மூன்று. எட்டாவதில் நான்கு. பதினேழாவது படத்துக்கு வந்தபோது எனக்கே பாவமாக இருந்தது. திருவிழாவில் ஐஸ் விற்கிறவர் படம். ஐந்து கலர். ஐந்தும் ஐந்து பக்கம் போயிருந்தன. அதற்கு மட்டும் ஒன்பது பொட்டு. ஐந்து மணிக்கு இன்னும் கால்மணி நேரம் இருக்கும்போது வேலையை முடித்தேன். இருபதில் பதினோரு படத்தில் குறை. மொத்தம் நாற்பத்து மூன்று. தொழிற்சாலையில்கூட ஒரே நாளில் இவ்வளவு கண்டுபிடித்ததில்லை. அண்ணன் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று நினைத்துக்கொண்டு, வாசல் மேசையில் உட்கார்ந்து கால் ஆட்டினேன்.

படக் கண்காட்சிகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பிரதி விற்றுவிட்டால் அந்தப் படத்தின் சீட்டில் சிவப்பாக ஒரு வட்டம் ஒட்டுவார்கள். ஒரு பொட்டுக்கு ஒரு பிரதி. உலகம் முழுக்க இப்படித்தானாம். ஒன்பது படம் வாங்கியிருந்தும் எனக்கு இது தெரியாது. நான் வாங்கியதெல்லாம் துணிக்கொடியிலிருந்து நேராக.

முதலில் வந்தவர் கோலாலம்பூரில் படக்கடை வைத்திருந்த மிஸஸ் லிம். கழுத்தில் கண்ணாடி தொங்க, மெல்ல ஒரு சுற்று வந்தார். பதினேழாவது படத்தின் முன்னால் நின்றுவிட்டார். பன்னிரண்டில் ஒன்பது போய்விட்டது, இன்னும் ஐந்து மணிகூட ஆகவில்லை. அவர் பின்னாலேயே ஒரு டாக்டரும் ஒரு வக்கீலும் வந்தார்கள். டாக்டர், வக்கீலின் தங்கையைக் கட்டியவர். இருவரும் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் போட்டி போடுவதில் சிரம்பானில் பேர் பெற்றவர்கள் என்பது பிறகு தெரிந்தது.

"மச்சான், இந்த ஐஸ்காரர் படத்துல மூணுதான் பாக்கி போலிருக்கு" என்றார் டாக்டர்.

"அப்ப எனக்கு ரெண்டு. ஒண்ணு வீட்டுக்கு, ஒண்ணு ஆபீசுக்கு."

"அது எப்படி? அந்த அம்மா ஒண்ணு எடுத்தா எனக்கு எங்க போறது?"

"நீங்க அந்தப் பக்கம் எட்டாம் நம்பரை எடுங்களேன். அதுலயும் நாலு போயிடுச்சு. நல்ல படமாதான் இருக்கும்."

எனக்கு இந்தப் பேச்சு விநோதமாக இருந்தது. ஒன்பது குறை உள்ள படத்துக்கு ஏன் அடித்துக்கொள்கிறார்கள்? படித்தவர்கள், ஏதாவது காரணம் இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஐந்து மணிக்குள் மண்டபம் நிறைந்துவிட்டது. பொட்டு உள்ள படங்களின் முன்னால் கூட்டம். பொட்டு இல்லாத நல்ல படங்களின் முன்னால் ஈ காக்கை இல்லை.

அண்ணனும் அக்காவும் வடைச் சட்டியோடு நுழைந்தார்கள். அண்ணன் சீட்டுகளைப் பார்த்தார். ஒவ்வொரு சுவராகப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. சட்டியை அக்கா வாங்கிக்கொள்ளாவிட்டால் வடையெல்லாம் தரையில்தான்.

"யாரு... யாரு இதெல்லாம்?"

"நான்தாண்ணே" என்றேன்.

"நீங்களா? எல்லாமா?"

"எல்லாம் நானேதான். தனியா உட்கார்ந்து செஞ்சேன்."

அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். தொழிற்சாலையில் எந்த சூப்பர்வைசரும் என்னைக் கும்பிட்டதில்லை. மிஸஸ் லிம் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, இங்கிலீஷில் வேகமாக ஏதோ சொன்னார். எனக்கு 'கண்' என்பதும் 'அபூர்வம்' என்பதும் மட்டும் புரிந்தது. ஆமாம், என் பிரிவில் எனக்குத்தான் கண் கூர்மை என்று நானும் அடக்கமாகத் தலையாட்டினேன்.

நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருந்தவர் ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியர். மைக்கைக் கையில் கொடுத்தால் திருப்பி வாங்குவது கஷ்டம். அவர் கலையைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார். அதற்குள் எங்கள் வேனும் வந்து, பத்துப் பெண்கள் பட்டுச் சேலையில் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களோடு என் அம்மாவும் வந்து நின்றதைப் பார்த்து எனக்கு ஆச்சரியம். அண்ணன்தான் ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

"இந்த நாற்பத்து மூன்றுக்கும் காரணமான ஒரு தோட்டத்துப் பெண் நம்மிடையே இருக்கிறாள்" என்றார் தலைமையாசிரியர். "இவ்வளவு சிறிய வயதில் இவ்வளவு பெரிய மனசு. அம்மா ராஜேஸ்வரி, மேடைக்கு வா. ஏன் இந்தப் படங்களைத் தேர்ந்தெடுத்தாய் என்று நாலு வார்த்தை சொல்."

கைதட்டல். எனக்குக் கால் தரையில் படவில்லை. மேடை ஏறினேன். நாலு வார்த்தை எதற்கு, என்னிடம்தான் முழு ரிப்போர்ட்டே இருக்கிறதே. நோட்டைத் திறந்து, தொழிற்சாலைக் கூட்டத்தில் வாசிப்பதுபோல வாசித்தேன்.

"நம்பர் மூணு. மூக்கில் நீலம் வலப்பக்கம் ஒரு மில்லி தள்ளியிருக்கிறது. ஓரத்தில் பெருவிரல் ரேகை. நம்பர் ஏழு. வானத்தில் ஊசித் துளை இரண்டு. மேல் விளிம்பு கோணல். நம்பர் எட்டு. மை திட்டுத் திட்டாக இருக்கிறது, பச்சை கோட்டைத் தாண்டி வந்திருக்கிறது, மாட்டுக்கு வால் பாதிதான் விழுந்திருக்கிறது, தாளில் முடி ஒட்டியிருக்கிறது. அநேகமாக மீசை முடி."

மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. கூர்ந்து கவனிக்கிறார்கள் என்று நினைத்து இன்னும் நிறுத்தி, தெளிவாக வாசித்தேன். பதினேழாம் எண்ணின் ஒன்பது குறைகளையும் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தபோது, முன்வரிசையில் டாக்டரின் கையில் செக் புத்தகம் திறந்தபடி நின்றிருந்தது.

மிஸஸ் லிம்முக்கு யாரோ காதில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்து, "இவ்வளவு தப்பு இருக்கிறது என்றால் அப்புறம் ஏன் வாங்கினீர்கள்?" என்று மலாயில் கேட்டார்.

"நான் எங்கே வாங்கினேன்? ரிஜெக்ட் பண்ணினேன்."

அந்த மைக்குக்கு எதிரொலிக்கும் வியாதி இருந்தது. ரிஜெக்ட், ஜெக்ட், ஜெக்ட் என்று நான்கு சுவரிலும் முட்டிவிட்டுத் திரும்பி வந்தது.

வக்கீல்தான் முதலில் புரிந்துகொண்டார். "பாப்பா, சிவப்புப் பொட்டு ஒட்டினா அது வித்துப்போச்சுன்னு அர்த்தம். உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரிந்துபோனது. ஒரே நொடியில் எல்லாம் தெரிந்துபோனது. அந்தக் கும்பிடு எதற்கு, கைகுலுக்கல் எதற்கு, அந்தப் பெரிய மனசு எது என்று ஒவ்வொன்றாக மண்டைக்குள் வந்து உட்கார்ந்தது. அண்ணன் முன்வரிசை நாற்காலியில் மெல்ல அமர்ந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஒன்றரை வருடமாக அவருடைய நாலாம் நம்பரையெல்லாம் வாங்கித் தெம்பு கொடுத்தவள், அவர் மாதக்கணக்கில் பாடுபட்டதை ஊரைக் கூட்டி வைத்து, மைக் போட்டு, மீசை முடி உட்பட வாசித்துவிட்டேன். இனி டி-ஷர்ட் மட்டும்தான். அதுவும் என்னால். தாவணித் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். படிக்கட்டு எந்தப் பக்கம் என்று கண் தேடியது.

ஜெயா அக்கா மேடைக்கு வந்தார். என் கையிலிருந்த நோட்டை வாங்கினார். படிக்கப் படிக்க அவர் தோள் குலுங்கியது. ஐயோ, அக்காவையும் அழவைத்துவிட்டோமே என்று எனக்கு உயிரே போனது. நிமிர்ந்தார். அழவில்லை. சிரிப்பை அடக்க முடியாமல் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தார்.

"இந்தாங்க, கேட்டுக்குங்க" என்று அங்கிருந்தே புருஷனைக் கூப்பிட்டார். "மூணு, நீங்க இழுத்தது. ஏழு, நீங்க. எட்டு, நீங்க, மீசை உங்களுதுதான். பதினேழு, நீங்கதான். நான் இழுத்த ஒண்ணுலகூட பொட்டு இல்ல. எத்தனை நாளா சொல்றேன், நீங்க வரைங்க, இழுக்குறத என்கிட்ட விட்டுடுங்கன்னு. கேட்டீங்களா?"

அண்ணன் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அக்கா முந்தின பக்கத்துக்குப் புரட்டினார். சிரிப்பு நின்றது. "பதினாலு. கன்னத்தில் கறுப்பு மை, ஒரு புள்ளி. இது நான் இழுத்ததாச்சே. இதுல எங்க வந்துச்சு மை?"

எல்லாரும் பதினாலாம் எண் பக்கம் திரும்பினார்கள். அந்தப் படத்தின் முன்னால் ஏற்கெனவே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். என் அம்மா. உள்ளே வந்ததிலிருந்து அங்கேயேதான் நின்றிருக்கிறார். சுவரில் முட்டிய அந்த 'ரிஜெக்ட்' தவிர, என் பேச்சில் ஒரு வார்த்தையும் அவர் காதில் விழுந்திருக்கவில்லை.

படத்தில் ஓர் அம்மாள் லயத்து வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, பேப்பரை விரித்துப் போட்டு நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தார். முகத்தில், சும்மா நிற்கிற யாரையோ திட்டப் போகிற ஒரு பார்வை. எங்கள் வாசல். எங்கள் பச்சைக் கதவு. அந்தப் பார்வையை நான் எங்கும் அடையாளம் சொல்வேன். அண்ணன் டி-ஷர்ட் கொடுக்கத் தோட்டத்துக்கு வந்த அன்று, வீட்டில் நான் இல்லாதபோது, அம்மாவை அப்படியே மனதில் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். எனக்குக் காட்டாமல் வைத்திருந்தது அதற்காகத்தான். நானோ ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அந்த முகத்துக்கு இரண்டு அங்குலத் தூரத்தில் பூதக்கண்ணாடியோடு நின்றிருக்கிறேன். மை தெரிந்தது. முகம் தெரியவில்லை.

அம்மா விரலால் தன் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

"அது மை இல்லடி. என் மச்சம்."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இருபத்து நாலு வருஷமா பாக்குற மூஞ்சி. இதுல எங்க மச்சம் இருக்குன்னு அந்தத் தம்பிக்கு ஒரே நாள்ல தெரிஞ்சிருக்கு. உனக்குத் தெரியல. பெத்த தாயையே ரிஜெக்ட் பண்ணிட்டியேடி."

முதலில் வெடித்தது கடைசி வரிசை. என்னோடு வேனில் வரும் பத்துப் பேரும், ஒன்றரை வருடமாக என் தலைக்கனத்தைச் சகித்துக்கொண்டவர்கள், பட்டுச் சேலையோடு ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். பிறகு டாக்டர், வக்கீல். மொழிபெயர்ப்பு போய்ச் சேர்ந்ததும் மிஸஸ் லிம். கடைசியாகக் குணா அண்ணன். அவர் சிரித்த சிரிப்பில் நாற்காலி பின்னால் சாய்ந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

நான் மேடையை விட்டு இறங்கி, எல்லார் முன்னாலும், நாற்பத்து மூன்று பொட்டையும் நகத்தால் சுரண்டி எடுத்தேன். பதினேழாவது சீட்டில் எடுக்கும்போது டாக்டர் பின்னால் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்டு, வேறு படம் பாருங்கள் என்றேன்.

"நான் வேணாம்னு சொன்னா அவரு எடுத்துடுவாரு" என்று வக்கீலைக் காட்டினார்.

வக்கீலும் அதே காரணத்துக்காகப் பின்வாங்க மறுத்தார். இரண்டு பேரும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டுதான் நகர்ந்தார்கள். இன்றுவரை அவர்கள் வீட்டு விசேஷங்களில் யாருடைய ஐஸ்காரர் அதிகம் கலங்கியிருக்கிறார் என்று சண்டை நடக்கிறதாம்.

மிஸஸ் லிம் பொட்டு இல்லாத ஒன்பது படத்தையும் நிதானமாகச் சுற்றிப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஒன்று எடுத்துக்கொண்டார். கோலாலம்பூரில் தன் கடையில் வைக்க ஜெயா அக்காவிடம் பேசி முடித்தார். அண்ணனிடம் பேசவே இல்லை.

பதினாலாம் எண்ணை விற்றது யார் தெரியுமா? என் அம்மா. படத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். வாங்க வந்த ஒவ்வொருவரையும் விசாரித்தார்.

"என்னைக் கொண்டுபோயி எங்க மாட்டுவீங்க?"

"சாப்பாட்டு மேசைக்கு மேல, மா."

"அது பரவால்லலா. குசினியில மாட்டிடாதீங்க, எண்ணெய் தெறிக்கும். செருப்பு விடுற இடத்துலயும் வேணாம்."

கோணல் பதில் சொன்ன இரண்டு பேருக்கு விற்க மறுத்துவிட்டார். மற்றவர்களுக்கு நெத்திலியின் குடலை எப்படி ஒரே கிள்ளில் எடுப்பது என்று இலவசமாகச் சொல்லிக் கொடுத்தார். வடை தீர்வதற்குள் பதினொரு பிரதி போய்விட்டது. மிச்சம் இருந்தது நாலாம் நம்பர். அதை அண்ணன் தனியாகச் சுற்றி என் கையில் கொடுத்தார்.

"இதுல குறை ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்றார்.

அன்றிலிருந்து பட்டறையில் அண்ணன் வரைவார், அக்கா அச்சடிப்பார். அண்ணன் ஸ்கிரீன் பக்கம் போனால் அக்கா தொண்டையைச் செருமுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய், பிரதிகள் வெளியே போகும் முன் பார்த்துக் கொடுப்பேன். கூலியாக ஒவ்வொன்றிலும் ஒரு நாலாம் நம்பர். இப்போது அறுபத்தெட்டுப் படம் இருக்கிறது. ஈரம் இல்லாத சுவர்களும் இருக்கின்றன. என் கணவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு படம். அவர் பொறுத்துக்கொள்கிறார். பெண் பார்க்க வந்த அன்றே அவரை எச்சரித்தாகிவிட்டது. காபி கொடுத்த கையோடு அம்மா அவரிடம், "தம்பி, நல்லா யோசிச்சுக்குங்க. இவ பெத்த தாயையே ரிஜெக்ட் பண்ணினவ" என்று ஆரம்பித்து, வடைச் சட்டி வரைக்கும் முழுக்கதையையும் சொல்லிவிட்டார்.

கல்யாணமான அடுத்த வருடம் சிரம்பான் ஆஸ்பத்திரியில் எனக்கு ஆபரேஷன் செய்து மகள் பிறந்தாள். மறுநாள் காலை, நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றி என் கட்டிலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் கையை நீட்டினேன். அம்மா நடுவில் வந்து நர்ஸை நிறுத்தினார்.

"இவ கையில குடுக்குறதுக்கு முந்தி, புள்ளைக்கு எங்கெங்க மச்சம் இருக்குன்னு சொல்லிடுங்க. அப்புறம் இவ வேணாம்னு திருப்பிக் குடுத்துடுவா."

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்துக் கட்டில் மலாய் அம்மா என்ன விஷயம் என்று கேட்டார். அம்மா நாற்காலியை வார்டின் நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பாதி தமிழிலும் பாதி மலாயிலும் முதலிலிருந்து ஆரம்பித்தார். மீசை முடிக்கு வருவதற்குள், தையல் போட்ட ஆறு பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிறது, நிறுத்துங்கள் என்று கெஞ்சினார்கள். அம்மா நிறுத்தவில்லை.